உங்களுக்குத் தெரியுமா? குதிரைக்குப் பாதிப் பலகை போதும்!

நிவித்திகலயில் மழை விடாத பின்னேரமா? கொப்பித் தாளில் 8க்கு 4 என்று 32 கட்டம் கீறுங்கள். மூலையில் சதுரங்கக் குதிரையை வைத்து, ஒரு கட்டத்தையும் இரண்டு தடவை மிதிக்காமல் எல்லாவற்றையும் சுற்றி வாருங்கள்.

புதிர் பழையது. 9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ருத்ரடர் தம் ‘காவ்யாலங்கார’த்தில் இதை எழுதிவைத்தார். பிறகு காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர், ‘பாதுகா சகஸ்ர’த்தில் அதைவிடப் பெரிய வித்தை காட்டினார்: 32 எழுத்துச் சுலோகம் ஒன்றைக் கட்டத்துக்கு ஓரெழுத்தாக நிரப்பி, குதிரை தாவும் வரிசையில் படித்தால் அடுத்த சுலோகம் வருகிறது! (நமக்குத் தாவி முடித்தாலே பெரிய காரியம்.) ஒன்று மட்டும் நடக்காது: கடைசிக் கட்டத்திலிருந்து ஒரே தாவலில் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப முடியாது. நாலு வரிசைப் பலகையில் அதற்கு வழியே இல்லை.

குதிரை தாவும் இடங்களைக் காணும் இந்தக் கண் இன்றைய ‘க்ரேசிஹவுஸ்’ என்ற சதுரங்க வகையிலும் உதவும். அதில் வெட்டிய காய் உங்கள் கைக்கு வரும். உங்கள் முறையில், காய் நகர்த்துவதற்குப் பதிலாக அதை வெற்றுக் கட்டத்தில் இறக்கலாம். தூரத்திலிருந்து ராணி செக் வைத்தால், எதிராளி கையிலுள்ள காயை நடுவில் போட்டுத் தப்பிவிடுவார். குதிரை செக்குக்கு நடுவே போட இடமேது? அதனால் அரசன் தன் காய்களுக்குள்ளேயே நெருக்குண்டு நிற்கும் புதிர்களில், முதலில் தேடவேண்டியது குதிரை இறங்கும் கட்டத்தைத்தான்.