நடுகல்லும் மனைவரைபடமும்: போர்நினைவின் இரு வடிவங்கள்

முன்னுரை

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுதல் தமிழரின் தொன்மையான நினைவாக்க முறையாகும். தொல்காப்பியப் புறத்திணையியல் இதனைக் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளில் வகுக்கிறது. உயிர் பிழைத்து, வீட்டை மட்டும் இழந்தவரின் நினைவுக்கு இம்மரபில் இடமில்லை. இவ்விடைவெளியைச் சமகால ஓவியம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதைத் தென்காசி வட்டாரத்துப் போர்நினைவோடும் யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனின் படைப்போடும் ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வீரனை மையமிட்ட நினைவு

இன்றைய தென்காசி மாவட்டத்திலுள்ள நெற்கட்டும்செவல் பூலித்தேவனின் தலைமையிடம். 1755 முதல் ஆற்காட்டு நவாபின் படையும் ஆங்கிலக் கம்பெனிப் படையும் இப்பகுதியைத் தாக்கின. 1761இல் யூசுப்கான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைக் கைப்பற்றினார். 1767இல் வாசுதேவநல்லூர் மீண்டும் முற்றுகைக்குள்ளாயிற்று. கதைப்பாடல்களில் நிலைத்த இந்நினைவு பின்னர் மண்டப வடிவம் பெற்றது. நெற்கட்டும்செவலில் பூலித்தேவனுக்கும் பாளையங்கோட்டையில் ஒண்டிவீரனுக்கும் நினைவிடங்கள் உள்ளன. இவை நடுகல்லின் நீட்சி எனலாம். கோட்டைகளைச் சூழ்ந்து வாழ்ந்த குடிகள் எவற்றை இழந்தனர் என்ற வினாவை இவ்வடிவம் எழுப்புவதில்லை.

வீட்டை மையமிட்ட நினைவு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத் துறையைச் சார்ந்த சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு' எனப் பொருள்படும் நூல்வடிவக் கலைப்படைப்பு, ஈழப்போர் முடிந்து ஈராண்டுகளுக்குப்பின் 2011இல் வெளிவந்தது. தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்து நிலப்பதிவேடு. இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் இழந்த வீடுகளின் தளவரைபடங்களை நினைவிலிருந்து வரைந்தனர். அவ்வாறான 80 வரைபடங்கள் இதில் உள்ளன. ஒவ்வொன்றும் கட்டடக்கலை முறைப்படி மீள வரையப்பட்டது. உரியவரின் கதையும் சனாதனனின் வண்ணக்கோல் ஓவியமும் அதனோடு இணைந்தன.

இவ்வடுக்குகள் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துவதில்லை. முதல் வரைபடம் நினைவின் அளவைக் கொண்டது. இரண்டாவது அளவுகோலின் அளவைக் கொண்டது. கட்டடக்கலை வரைபடம் சுவரின் நீளத்தைக் காட்டும். அச்சுவர்களுக்குள் வாழ்ந்த வாழ்வைக் காட்டாது. பதிவேட்டின் வடிவத்தைக் கைக்கொண்டே அதன் போதாமையைப் புலப்படுத்துவது இப்படைப்பின் முதன்மையான உத்தி. 'அகம்' என்னும் சொல் வீட்டையும் உள்ளத்தையும் ஒருங்கே குறிக்கும். புறப்பொருளான போர் இங்கு அகத்தின் வழியே நினைக்கப்படுகிறது.

தென்காசிக்கு இதன் பொருத்தம்

கூத்தப்பெருமானின் ஆடலைச் சுவரோவியமாகவே வழிபடும் குற்றாலம் சித்திர சபை இவ்வட்டாரத்தில் உள்ளது. எனவே, கண்முன் இல்லாத ஒன்று கோட்டிலும் வண்ணத்திலும் நிலைபெறும் என்பது இங்கு அயலான கருத்தன்று. எனினும் சனாதனனின் முறையைப் பூலித்தேவன் காலத்துக்கு அப்படியே பொருத்த இயலாது. இரண்டரை நூற்றாண்டு கடந்தபின் வரைந்து தர எவருமில்லை. அவர் எழுப்பிய வினாவையே இங்குக் கொண்டுவர முடியும். கதைப்பாடல்களையும் ஊர்ப்பெயர்களையும் தொகுக்கும் ஆய்வாளர், போர் நிகழ்ந்த களத்தோடு அழிந்த குடியிருப்பு, கைவிடப்பட்ட கிணறு ஆகியவற்றையும் தேடுதல் வேண்டும்.

முடிவுரை

நடுகல் வீரனின் இறப்பை நிலைநிறுத்துகிறது. மனைவரைபடம் பிழைத்தவரின் இழப்பை நிலைநிறுத்துகிறது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. 1983க்குப்பின் தமிழகம் வந்து முகாம்களில் வாழும் ஈழத்தமிழருள், இழந்த வீட்டை நினைவிலிருந்து வரையக்கூடிய முதல் தலைமுறையினர் முதுமையடைந்து வருகின்றனர். அவர்களிடம் இம்முறையைக் கையாள்வதற்குக் காலம் குறைவாகவே உள்ளது. கள ஆய்வுகள் முதலில் செல்லவேண்டிய இடம் அதுவே.