உறுமியும் பேஸ் கிட்டாரும்

இசைக்குழுவின் மேன்மையை உயர்ந்து முழங்கும் ஒலியாலேயே அளப்பது நம் இயல்பு. அடியில் நின்று தாங்கும் ஒலியை வினவுவார் சிலரே. அவ்வொலியின் தொழிலை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மேனாட்டுக் குழுக்களில் அத்தொழிலைப் பெருவடிவப் பிடிலாகிய டபிள் பேஸ் இயற்றிவந்தது. அஃது ஆளுயரத்தது, சுமத்தற்கரியது, பிற கருவிகளின் ஆரவாரத்தில் அமிழ்ந்துபோவது. இக்குறை நீங்க, 1951-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்பார் மின்விசையால் ஒலிக்கும் நான்கு தந்திப் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. வீணையிற்போல் அமைந்த மெட்டுக்கள் சுரம் பிறழாமற் காக்கின்றன.

அருப்புக்கோட்டை, திருச்சுழி முதலிய வானம் பார்த்த சீமையிலோ, கரகாட்டத்திற்கு முழங்கும் நையாண்டி மேளத்தில் உறுமி தாழ்ந்த குரலைத் தருகின்றது. இடை சிறுத்த அக்கருவியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க, உறுமல் எழும். மறுமுகத்தைக் குச்சியால் அடிப்பர்.

இரண்டும் ஒன்றெனல் பொருந்தாது. பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்குங்கால் அவற்றிற்கு அடிச்சுரம் தருவது கிட்டார். நாகசுரத்திற்கு அத்தகைய சுரக்கூட்டு வேண்டுவதில்லை. ஆதலின் உறுமிக்கு நிலைத்த சுரமும் வேண்டா. தாளத்திற்குக் கனம் தந்தாற் போதும்.

இதனை அறியாதார், சுரமின்மையைக் குறையெனக் கருதி, கிட்டாரை மேடையிலேற்றி உறுமியை வாயிலில் நிறுத்துவர். ஒரு தொழிலுக்கு அமைந்த கருவியை மற்றொன்றின் அளவுகோலால் அளத்தல் முறையாமோ? உறுமி ஓய்ந்த நொடியில் தவிலும் பம்பையும் வெறுமையுற்று ஒலிப்பதைக் கேண்மின். அதன் மதிப்பு அப்பொழுது விளங்கும்.