கேட்டு வாங்கிய பள்ளிக்கூடம்

மத்தியப் பிரதேசத்தில் 1997 ஜனவரியில் கல்வி உத்தரவாதத் திட்டம் வந்தது. ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இல்லாத குடியிருப்பில் 40 பிள்ளைகள் இருந்தால், பழங்குடிப் பகுதியென்றால் 25 பேரே இருந்தாலும், ஊரார் கூடிப் பள்ளி கேட்க முடிந்தது. கேட்ட 90 நாளுக்குள் அரசு தந்தாக வேண்டியிருந்தது. இடத்தை ஊரார் கொடுத்தார்கள். 'குருஜி' என்ற ஆசிரியரையும் அவர்களே முன்மொழிந்தார்கள்.

அதுவரை அங்கே ஏன் பள்ளி இல்லை? அரசின் கணக்கு கிராமத்தோடு நின்றுவிட்டது. ஊருக்குள் பள்ளி இருந்தால், தள்ளியிருக்கும் டோலாவுக்கும் மஜ்ராவுக்கும் இருப்பதாகவே எழுதிக்கொண்டார்கள். அந்தத் தூரம் சாதி வகுத்த தூரம் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1996இல் வீடு வீடாகப் போய் எண்ணியபோதுதான் பள்ளிக்கு வராத பிள்ளைகள் கண்ணில் பட்டார்கள்.

சில ஆண்டுகளில் 20,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் எழுந்தன. வாசலிலேயே பள்ளி, தெரிந்த முகத்தில் ஆசிரியர். பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கியவர்களும் அனுப்பினார்கள். இதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் குருஜிக்குத் தொடக்கத்தில் மாதம் 500 ரூபாய்தான். நிரந்தர ஆசிரியருக்கோ அதைப்போலப் பல மடங்கு. கேட்காமலே பள்ளி கிடைத்த ஊருக்கு முழுச் சம்பள ஆசிரியர், கேட்டு வாங்கிய குடியிருப்புக்கு மலிவான ஆசிரியர். 'மக்கள் பங்கேற்பு' என்ற நல்ல சொல்லுக்குள் இந்தச் சிக்கனமும் இருந்தது. குருஜிகள் சம்பளத்துக்காகவும் பணி நிரந்தரத்துக்காகவும் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.