பக்கத்து வீட்டுப் பூனையும் நம் வீட்டுப் பாத்தியும்

"ஹஸரத், பூனைக்கு நஞ்சு வைத்தால் பாவமா?"

அக்கரப்பத்தனையில் மாலை நேரக் குர்ஆன் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தபோது ஒரு சிறுவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவனாகக் கேட்டதல்ல, அவனுடைய உம்மா கேட்டுவரச் சொன்னது. மெதுவாக விசாரித்தேன். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி கரட்டும் ஒரு பாத்தி லீக்ஸ் நாற்றும் போட்டிருக்கிறார்கள். அடுத்த லயத்துப் பூனை இரவில் வந்து பாத்தியைக் கிளறி அசுத்தம் செய்துவிட்டுப் போகிறது. மூன்று முறை விதைத்தும் மூன்று முறையும் பாழ். பூனைக்காரி ஓர் இந்துச் சகோதரி. பெருநாளைக்கு இங்கிருந்து வட்டிலாப்பம் போகும். தைப்பொங்கலுக்கு அங்கிருந்து பொங்கல் வரும். அப்படிப்பட்ட இரு வீட்டாரும் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

கேள்வி பூனையைப் பற்றியதுதான். ஆனால் விஷயம் பூனையோடு நிற்கவில்லை என்பதைச் சகோதரிகள் புரிந்துகொள்வீர்கள்.

மலையகத்தில் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். ஆனால் பல குடும்பங்களின் கறிச்சட்டி நிறைவது வாசலிலும் கொல்லையிலும் உள்ள சிறு பாத்திகளால்தான். கரட் விதைத்துப் பிடுங்க ஏறக்குறைய மூன்று மாதம் செல்லும். ஓர் இரவில் அது வீணானால் அந்தத் தாய்க்குக் கோபம் வருவது இயல்பே. அந்தக் கோபத்தை மார்க்கம் குறை சொல்லவில்லை. கோபம் எந்த வழியில் போகிறது என்பதைத்தான் அது கவனிக்கிறது.

பயிரும் பிராணியும்: பழைய வழக்கு

அடுத்தவர் பிராணி நம் பயிரை அழிப்பது புதிய பிரச்சினையல்ல. திருக்குர்ஆனின் அல்அன்பியா அத்தியாயம் 78, 79 ஆம் வசனங்களில் அப்படியொரு வழக்கு பேசப்படுகிறது. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் இன்னொருவரின் விளைநிலத்தில் மேய்ந்துவிட்டன. வழக்கு நபி தாவூத் (அலை), நபி ஸுலைமான் (அலை) ஆகியோரிடம் வந்தது. தஃப்ஸீர்களில் இதன் விவரம் உள்ளது. நஷ்டஈடாக ஆடுகளையே கொடுத்துவிட வேண்டும் என்பது தந்தையின் தீர்ப்பு. மகனோ வேறு வழி கண்டார்கள். ஆடுகளை நிலக்காரர் சிறிது காலம் வைத்திருந்து பாலையும் ரோமத்தையும் அனுபவிக்கட்டும். ஆட்டுக்காரர் அந்த நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும். பிறகு அவரவர் உடைமை அவரவருக்கு. இருவருக்கும் ஞானம் வழங்கியதாகக் கூறும் அல்லாஹ், இந்த வழக்கின் விளக்கத்தை ஸுலைமானுக்கு அளித்ததாகச் சிறப்பித்துக் கூறுகிறான். அந்தத் தீர்ப்பில் பயிரும் மீண்டது, ஆட்டுக்காரரும் ஏழையாகவில்லை.

நபி (ஸல்) அவர்களின் காலத்திலும் இப்படி நடந்தது. பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்தில் புகுந்து சேதம் செய்தது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் பொறுப்பு, இரவில் பிராணியைக் காப்பது அதன் சொந்தக்காரரின் பொறுப்பு என்று நபியவர்கள் தீர்ப்பளித்ததாக அபூதாவூதில் வருகிறது. பொறுப்பு இரு பக்கமும் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

சரி, பூனைக்கு என்ன சட்டம்? நம் நாட்டு அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' பூனையையும் விட்டுவைக்கவில்லை. பறவையையோ உணவையோ அழிப்பதைப் பழக்கமாகக் கொண்ட பூனை என்று தெரிந்திருந்தால், இரவோ பகலோ சொந்தக்காரரே நஷ்டத்துக்குப் பொறுப்பு. அப்படியொரு பழக்கம் அறியப்படாவிட்டால் பொறுப்பில்லை. நாற்றுப் பாத்திக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்ப்பது பொருத்தமே.

நஞ்சு வைக்கலாமா?

ஒரு பெண் பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்ததால் நரகம் புகுந்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. சேதம் செய்யும் பூனை என்றாலும் கூட, அது சேதம் செய்யும் வேளையில் இலேசான வழியில் தொடங்கிப் படிப்படியாகத் தடுக்கலாம். சும்மா இருக்கும்போது கொல்லக்கூடாது என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் சரியான கருத்து. சோற்றில் நஞ்சு கலந்து வைப்பது தடுப்பதாகுமா? பசியோடு வரும் ஒரு ஜீவனை உணவைக் காட்டி ஏமாற்றிக் கொல்வதாகும். அந்தச் சோற்றை நாயும் காகமும் தின்னும். தவழும் பிள்ளையின் கைக்கும் எட்டும். மிருகவதையைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் 1907 ஆம் ஆண்டிலிருந்தே உள்ளது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

கம்பிச் சுருக்கு வைப்பவர்களும் இருக்கிறார்கள். சுருக்குக்கு ஆள் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்ஸபான தோட்டத்தில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று இப்படியொரு சுருக்கில் சிக்கியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் சில நாட்களில் இறந்துவிட்டது. சிறுத்தையும் பூனைக் குடும்பம்தானே.

பாத்தியைக் காக்கும் வழிகள்

பூனை நம்மீது பகை கொண்டு வருவதில்லை. மலம் கழித்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடுவது அதன் சுபாவம். அதற்கு மிருதுவான, காய்ந்த, வெறும் மண் வேண்டும். புதிதாகக் கொத்திய பாத்தியை நாமே அதற்குத் தயார் செய்து கொடுத்துவிடுகிறோம். ஆகவே கிளற முடியாத பாத்தி எதுவோ அதுவே பாதுகாப்பான பாத்தி.

நம் ஊரில் இதற்குக் காசு தேவையில்லை. கவ்வாத்து மிலார் இருக்கிறது. அடுப்புக்குக் கொண்டுவரும் மிலாரில் சிலவற்றை எடுத்து, விதைத்த பாத்தியின்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒரு சாண் இடைவெளிகூட இல்லாமல் பரப்புங்கள். பூனைக்குக் கால் வைத்துக் கிளற இடமிருக்காது. முளை இடுக்கு வழியே எழும்பி வரும். பயிர் வளர்ந்து மண்ணை மூடியதும் மிலாரை எடுத்துவிடலாம். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலைத் துண்டு இருந்தால் அதைப் பாத்தியின்மேல் படுக்கையாக விரித்து, ஓரங்களை முளையடித்து வையுங்கள். மழையில்லாத நாட்களில் மாலையில் தண்ணீர் தெளித்தால் ஈரமண்ணைப் பூனை அவ்வளவாக நாடாது. அசுத்தம் செய்த இடத்தை உடனே அள்ளிப் புதைத்துவிடுங்கள்; அந்த வாடைக்கே அது மறுபடியும் வரும்.

தோடம்பழத் தோலையும் தேசிக்காய்த் தோலையும் போடச் சொல்வார்கள். அந்த வாடை பல பூனைகளுக்குப் பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அக்கரப்பத்தனை மழையில் அந்த வாடை ஒரு நாள்கூட நிற்காது. பூச்சி உருண்டையும் பினாயிலும் வேண்டாம். இரண்டும் பூனைக்கு நஞ்சு; பூச்சி உருண்டை பிள்ளைகளுக்கும் ஆபத்து.

எல்லாவற்றிலும் சிறந்தது, வேலி ஓரத்தில் மழை படாத ஒரு மூலையில் உலர்ந்த மணலைக் கொட்டிவைப்பது. ஓரிடத்தைத் தடுக்கும்போது இன்னோரிடத்தைக் காட்டிக்கொடுத்தால் பூனை அங்கே பழகிவிடும். அந்த மூலையைச் சுத்தம் செய்யும் வேலையைப் பூனை வளர்ப்பவர் ஏற்றுக்கொள்ளலாம்.

சுத்தமும் சுகமும்

பூனை அசுத்தமான பிராணியல்ல. அபூகதாதா (ரலி) அவர்கள் தாம் வுழூச் செய்யவிருந்த தண்ணீரைப் பூனைக்குச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகள் கப்ஷாவிடம், பூனை நஜீஸ் அல்ல, உங்களைச் சுற்றி வருபவற்றில் அதுவும் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் அதன் மலமும் சிறுநீரும் நஜீஸ்தான். பாத்தியில் பிடுங்கிய கரட்டை நன்றாகக் கழுவாமல் பிள்ளைகள் கடிக்க விடாதீர்கள்.

கர்ப்பிணிச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. சில பூனைகளின் மலத்தில் டொக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் வெளியாகும். ஈரமண்ணில் அது பல மாதம் உயிரோடிருக்கும். கர்ப்பகாலத்தில் புதிதாக அது தொற்றினால் கருச்சிதைவு ஏற்படலாம். சிசுவின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். எனவே அந்த மாதங்களில் பாத்தி வேலையை வேறொருவரிடம் விடுங்கள். முடியாவிட்டால் கையுறை அணியுங்கள், பிறகு சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். பூனையைத் தொட்டாலே நோய் வரும் என்று பயப்பட வேண்டியதில்லை.

பூனை வளர்ப்பவர்களே!

நம்மில் பூனை வளர்ப்பவர்கள் அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதுண்டு. அந்தப் பட்டப்பெயரின் பொருளே பூனைக்குட்டிக்காரர் என்பதுதான். நபி (ஸல்) அவர்கள் உறங்கும் பூனைக்காகச் சட்டைக் கையை வெட்டினார்கள் என்ற கதைக்கு ஹதீஸ் நூல்களில் ஆதாரமில்லை. அதைச் சொல்வதைத் தவிர்ப்போம். ஆதாரமுள்ள கடமை ஒன்று இருக்கிறது: நம் தொல்லையிலிருந்து அண்டைவீட்டார் நிம்மதி பெறாதவரை நம் ஈமான் நிறைவடையாது. பூனைக்கு நேரத்துக்குச் சோறு வையுங்கள், இரவில் வீட்டுக்குள் அடையுங்கள். குட்டிகளைப் பெருகவிட்டு அடுத்தவர் வாசலில் கொண்டுபோய் விடாதீர்கள். கருத்தடை செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: முற்கால ஷாஃபிஈ நூல்கள் உண்ணப்படாத பிராணிகளில் இதைத் தடுத்துள்ளன, பெருக்கத்தால் தொல்லை ஏற்படும்போது, வதையின்றிச் செய்தால் ஆகும் என இக்கால அறிஞர்கள் பலர் கூறுகின்றனர்.

வேலிக்கு அப்பால்

அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது, நம் யூத அண்டைவீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்பதைத்தான். வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திய அண்டைவீட்டார் உரிமையை, அந்த ஸஹாபி மதம் பார்த்து அளக்கவில்லை.

அந்தச் சிறுவனிடம் நான் சொல்லியனுப்பியது இதுதான்: "நஞ்சு ஹராம் என்று உம்மாவிடம் சொல். பாத்திக்கு மிலார் பரப்பச் சொல். முதலில் அந்த அக்காவிடம் போய், கோபமில்லாமல், பாத்தியை வந்து பாருங்கள் என்று கூப்பிடச் சொல்."

சில வாரம் கழித்து அவன் ஒரு கட்டு லீக்ஸோடு வந்தான். பாத்தியைப் பார்த்த அக்கா வெட்கப்பட்டுப்போய், தானே ஒரு சுமை மிலார் கொண்டுவந்து பரப்பிக் கொடுத்தாராம். "பூனை இப்ப வாறதில்லையா?" என்றேன். "வருது ஹஸரத். மணல் மூலைக்குப் போயிட்டுப் போயிடும்" என்றான்.

பயிரையும் காத்து, வாயில்லா ஜீவனையும் வதைக்காமல், அண்டைவீட்டார் மனதையும் நோகடிக்காமல் வாழும் பக்குவத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.