செல்வமும் வரியும்

ஓமலூர்ச் சந்தையில் ஒரே சோப்பை வாங்கும் கூலித்தொழிலாளியும் ஆலை உரிமையாளரும் சரக்கு மற்றும் சேவை வரியாகச் செலுத்தும் தொகை ஒன்றே. அதன் சுமையோ இருவருக்கும் ஒன்றன்று. இவ்வேற்றுமையை ஈடுசெய்யவே, வருவாய் உயர உயர வருமான வரியின் விகிதமும் உயர்கிறது.

செல்வர் தொழில் தொடங்கி வேலை அளிக்கின்றனர். வரி மிகுந்தால் முதலீடு குறையும் என்பர் ஒருசாரார். அத்தொழிலுக்கு உதவும் சாலையும் பள்ளியும் பொதுப்பணத்தால் அமைந்தவை என்பர் மறுசாரார்.

இந்தியாவில் 1957இல் விதிக்கப்பட்ட செல்வ வரி, வரவு குறைவு, திரட்டும் செலவு மிகுதி என்னும் காரணங்களால் 2015ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் கைவிடப்பட்டது. மாற்றாக, ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டுவோர் வருமான வரியுடன் செலுத்தும் மேல்வரி 10 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாக உயர்ந்தது.

செல்வரால் சமுதாயம் வளர்கிறது. சமுதாயத்தால் செல்வரும் வளர்கின்றனர். எனவே, அவர்கள் மிகுதியாகச் செலுத்துதல் முறையே. அவ்வரி எளிதில் திரட்டத்தக்கதாகவும் அமைதல் வேண்டும்.