புகை அடங்கிய பிறகு: மோட்டார் சைக்கிள் 'பர்ன்அவுட்' பற்றி ஒரு டயர் வியாபாரி

கடந்த நோன்புப் பெருநாள் முடிந்து நான்காம் நாள் காலை. மஸ்கெலியா நகரிலுள்ள எனது உதிரிப்பாகக் கடைக்கு ஒரு தம்பி வந்தான். "நானா, பின் டயர் ஒன்று வேணும். வாப்பாவுக்குத் தெரிய வேணாம்" என்றான். மூன்று வாரத்துக்கு முன்னர்தான் அந்த வண்டிக்குப் புது டயர் போட்டுக் கொடுத்திருந்தேன். இப்போது அதன் நடுப்பகுதி வழுக்கையாகிக் கிடந்தது.

காரணம் கேட்கத் தேவையிருக்கவில்லை. பெருநாளன்று அஸருக்குப் பின் அவனும் கூட்டாளிமாரும் 'பர்ன்அவுட்' போட்ட காணொளியை அன்றிரவே என் மகன் பார்த்துக்கொண்டிருந்தான். இப்படியான பிள்ளைகளை எல்லோரும் ஏசுகிறோம். அந்த இரண்டு நிமிடத்தில் வண்டிக்கு என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் விளக்கியதாகத் தெரியவில்லை. டயர் விற்பவன் என்ற வகையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் கியரில் எக்சலேட்டரை முறுக்கிக் கிளட்சைச் சட்டென விடுவார்கள். முன் சக்கரம் அசையாது. எஞ்ஜினின் வலு முழுவதும் பின் சக்கரத்துக்குப் போகும். வீதிக்கும் டயருக்கும் உள்ள பிடிப்பை அந்த வலு மிஞ்சியதும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அந்த உராய்வுச் சூட்டில் இறப்பர் உருகி ஆவியாகிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் புகை, காசு கொடுத்து வாங்கிய டயர்தான்.

இது வெறும் கூத்தாகத் தொடங்கியது அல்ல. அமெரிக்காவில் நேர்கோட்டில் கால் மைல் ஓடும் டிராக் பந்தயங்களில், புறப்படுமுன் டயரைச் சுத்தமாக்கிச் சூடேற்றுவதற்காகச் செய்தார்கள். பந்தய டயரின் இறப்பர் மிருதுவானது, சூடானால் வீதியை நன்றாகப் பிடிக்கும். நம் வண்டிகளுக்குப் போடுவது பல ஆயிரம் கிலோமீற்றர் ஓடவென்று செய்த கடின இறப்பர். அதைப் புகைத்து எந்தப் பிரயோசனமும் இல்லை.

நம் ஊரில் ஓடுபவை பெரும்பாலும் 100 முதல் 150 சிசி வரையான, காற்றினால் குளிரும் எஞ்ஜின்கள். வண்டி ஓடும்போதுதான் காற்றுப்படும். நிற்கவைத்து முழு வேகத்தில் முறுக்கினால் எண்ணெய் சூடேறி மெலிந்து, பிஸ்டன் இறுகிப்போகலாம். கிளட்ச் தட்டுகள் கருகும். சிறிய எஞ்ஜினுக்கு வலு போதாது என்பதால் மற்ற ஊர்களில் வீதியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மஸ்கெலியாவில் அந்தச் சிரமமும் இல்லை, மழை பார்த்துக்கொள்ளும்! ஆனால் ஈரத்தில் சுழலும் டயர் காய்ந்த இடத்தைத் தொட்டதும் பிடித்துக்கொள்ளும். அந்த நொடியில் பிரேக் பிடித்த கை சற்றுத் தளர்ந்தால் வண்டி முன்னால் பாயும். முன்னால் நிற்பவர்கள் யார்? தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருக்கும் சிறுவர்கள்.

2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தில் தடம் விலகிய கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் புகுந்து, ஒரு சிறுமி உட்பட 7 பேர் உயிரிழந்தனர். அது முறையாக ஏற்பாடு செய்த பந்தயத் திடல். நம் பிள்ளைகள் போடுவதோ கடைத்தெருவில்.

இவ்வளவும் புகை வரும்போது உள்ள ஆபத்து. என்னை அதிகம் பயமுறுத்துவது அதற்குப் பிறகு வருவதுதான்.

டயரிலுள்ள கோடுகள் வீதியிலுள்ள தண்ணீரை வெளியே தள்ளுவதற்காக இருப்பவை. பர்ன்அவுட் போடும்போது வண்டி நேராக நிற்பதால் நடுக்கோடுகள்தான் முதலில் அழியும். ஓரத்துக் கோடுகள் அப்படியே இருக்கும். பக்கத்திலிருந்து பார்க்கும் தகப்பனுக்கு டயர் புதிதாகவே தெரியும். உருண்டையாக இருக்கவேண்டிய டயர் நடுவில் தட்டையாகிவிட்டதால், வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது ஒரு விளிம்பில் ஏறி இறங்குவதுபோலத் தடுமாறும். மவுசாகலை நீர்த்தேக்கத்தை ஒட்டியும் நோர்வூட் பக்கமாகவும் போகும் நம் வீதியில் நேரான இடம் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதிலும் பனிமூட்டம், மழை.

சந்தேகமிருந்தால் வண்டியை மத்திய ஸ்டாண்டில் போட்டு, பின் டயரின் நடுவில் உள்ளங்கையை வைத்துச் சுற்றிப் பாருங்கள். கோடுகளுக்கு அடியில் குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். அவை இருக்குமிடத்தை டயரின் பக்கத்தில் ஒரு சிறு முக்கோணம் காட்டும். இறப்பர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

செலவையும் சொல்லவேண்டும். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியே குடும்பச் சொத்தாகிவிட்டது. தோட்டத் தொழிலாளிக்கு 2024இல் நிர்ணயித்த நாட்சம்பளம் 1350 ரூபாய். ஒரு வாரம் கொழுந்து பறித்தாலும் ஒரு நல்ல பின் டயருக்குக் கட்டாது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் போட்டிருப்பவருக்குச் சொந்த வண்டியின் சேதத்துக்கு ஒரு சதமும் கிடைக்காது. ஆபத்தான முறையில் வாகனம் செலுத்தியதற்கான வழக்கு வேறு.

அந்தத் தம்பிக்கு டயரைக் கடனுக்குக் கொடுத்தேன். ஒரு நிபந்தனை: பழையதை வாப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டும். முகம் கறுத்துப் போனான். ஆனாலும் காட்டியிருக்கிறான்.

மஃரிபுக்குப் பின் வாப்பா அந்த டயரோடு கடைக்கு வந்தார். சிறு கடை வைத்திருப்பவர், வாரத்தில் இரண்டு நாள் சுபஹுக்குப் பின் ஹட்டனுக்குப் போய்ச் சாமான் எடுத்து வருபவர். டயரின் நடுவில் கையை வைத்துத் தடவிக்கொண்டே நின்றார்.

"நேத்து இதுலதான் நானா போய் வந்தேன்" என்றார். "பின்னால அரிசி மூட்டை. நோர்வூட்டுக்கு இங்கால நல்ல மழை."