மழைக்கு மூன்று கோடுகள்

பதுளையில் ஒரு வருடம் பெய்யும் மழையை மாதத்துக்கு ஒரு தூண் என்று வரைந்து பாருங்கள். ஊவாத் தேயிலையின் கதை பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடும். ஒக்டோபரில் தூண்கள் எழும்பும், வருடக் கடைசியில் உச்சத்துக்குப் போகும், ஜூன் ஜூலையில் தரையோடு ஒட்டிக் கிடக்கும். தென்மேல் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மத்திய மலைகளின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, வெறும் வறண்ட காற்றாக ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் இறங்கும் காலம் அது. கிழக்கில் கச்சான் என்பார்கள். அந்தக் காற்றடிக்கும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான மாதங்களில் பறிக்கும் கொழுந்துக்குத்தான் ஊவாவின் பேர்போன வாசம். தொழிற்சாலையில் தேயிலை போடுகிறவருக்கு அந்தப் பன்னிரண்டு தூண்கள் போதும்.

அதே தோட்டத்தில் சரிவுக்குக் கீழே லயத்தில் குடியிருப்பவருக்கு அந்தப் படத்தால் ஒரு பயனும் இல்லை. நவம்பர் தூண் 250 மில்லிமீற்றர் என்று காட்டினால், அது முப்பது நாளும் தூறலாகப் பெய்ததா, இரண்டே இரவில் கொட்டியதா என்று அவருக்குத் தெரியாது. தூறினால் செடிக்கு நல்லது. இரண்டு இரவில் கொட்டினால் மலை இறங்கி வரும். எண்களைப் படமாக்குவதைக் கற்றுக்கொள்ளும் எவரும் வண்ணத்தையும் மென்பொருளையும் தொடுவதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: இதைப் பார்ப்பவர் யார், பார்த்துவிட்டு என்ன செய்யப்போகிறார்?

இலங்கையில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உரியது. அது பயன்படுத்தும் அளவுகள் எளியவை. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருங்கள். 100 தாண்டினால் செம்மஞ்சள், வெளியேற ஆயத்தமாகுங்கள். 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மி.மீ. கொட்டினால், சிவப்பு, உடனே வெளியேறுங்கள். 150 மி.மீ. என்பது காதுக்குச் சின்ன எண்ணாகப் படலாம். ஒரு ஏக்கர் தேயிலை மலையில் அது ஏறத்தாழ 600 தொன் தண்ணீர். ஒரு பகுதி வழிந்தோடும், மிச்சம் மண்ணுக்குள் இறங்கும். மண் துகள்களுக்கு இடையிலுள்ள வெளிகளில் நீர் நிரம்பி, அழுத்தம் ஏறி, துகளைத் துகள் பற்றியிருக்கும் பிடி தளர்கிறது. முன்பொரு காலத்தில் சரிந்து வந்து படிந்த பழைய மண்ணாக இருந்தால் இன்னும் மோசம்.

இந்த மூன்று அளவுகளையும் ஒரு படத்தில் எப்படிக் காட்டுவது? ஒரு கற்பனை இரவை எடுத்துக்கொள்வோம். மாலை ஆறு மணிக்கு மழை தொடங்குகிறது. நள்ளிரவு வரை மெதுவாக 28 மி.மீ. அதன்பிறகு விடியற்காலை ஐந்து மணி வரை, மணிக்கு 25 மி.மீ. என்று ஒரே சீராகப் பெய்கிறது. இதை மணிக்கு ஒரு தூணாக வரைந்தால், நள்ளிரவுக்குப் பிறகு ஐந்து தூண்களும் ஒரே உயரத்தில் நிற்கும். பார்ப்பவர், ‘மழை கூடவில்லையே’ என்று மீண்டும் படுத்துக்கொள்வார். இனி அதே எண்களை மணிக்கு மணி கூட்டிக்கொண்டே போய் ஒரு கோடாக வரையுங்கள்: ஒரு மணிக்கு 53, இரண்டுக்கு 78, மூன்றுக்கு 103, நான்குக்கு 128, ஐந்துக்கு 153. கோடு ஏறிக்கொண்டே போய் இரண்டு மணிக்குள் மஞ்சளையும், மூன்றுக்குள் செம்மஞ்சளையும், ஐந்துக்குள் சிவப்பையும் கடந்துவிடுகிறது. மூன்று மணிக்கு அந்தக் கோட்டைப் பார்ப்பவரின் கண் அதைத் தானாகவே மேலே நீட்டிப் பார்க்கும். இப்படியே போனால் இன்னும் இரண்டு மணி நேரத்தில் சிவப்பு என்பது யாரும் சொல்லாமலே புரியும். எண்கள் மாறவே இல்லை. வரைந்த விதம் மட்டுமே மாறியது, அதில் இரண்டு மணி நேரம் கைக்கு வந்தது. தரவுப்படம் என்ற இந்தத் துறையின் அதிசயம் முழுவதும் இங்கே இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஆனால் கூட்டிக்கொண்டு போவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைநாள் காலை 8.30க்கு முடிந்து அடுத்தது தொடங்குகிறது. 8.30க்கு முன் ஆறு மணி நேரத்தில் 60 மி.மீ., பின் ஆறு மணி நேரத்தில் 60 மி.மீ. பெய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு தூண் போட்டால் இரண்டு தூண்களும் 60இல் நிற்கும். மஞ்சளைக்கூட எட்டவில்லை. மலையோ பன்னிரண்டு மணி நேரத்தில் 120 மி.மீ. குடித்திருக்கிறது. எச்சரிக்கைப் படத்தில் ஒவ்வொரு மணியிலும் பின்னோக்கி 24 மணி நேரத்தைக் கூட்டவேண்டும். எங்கே வெட்டிப் பிரிக்கிறோம் என்பதும் ஒரு முடிவுதான். அந்த முடிவு படத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஆபத்து அதிகம்.

இப்படி மழையையும் மண்சரிவையும் இணைத்துக் கோடு போடுவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1980இல் நெல் கெய்ன் என்ற புவியியலாளர் உலகின் பல பாகங்களிலிருந்து 73 மண்சரிவுப் பதிவுகளைத் திரட்டி ஒரே தாளில் புள்ளிகளாக வைத்தார். கீழ் அச்சில் மழை நீடித்த நேரம், நிமிடக் கணக்கிலிருந்து நாட்கணக்கு வரை. பக்க அச்சில் மணிக்கு எத்தனை மில்லிமீற்றர். புள்ளிகளின் அடிவிளிம்பை ஒட்டி ஒரு கோடு இழுத்தார். அதற்குக் கீழே சரிவுகள் இல்லை. அவருடைய சூத்திரத்தில் 24 மணி நேரத்தைப் போட்டுக் கணக்கிட்டால் மணிக்கு 4.3 மி.மீ. அளவு வரும். ஒரு நாளுக்குச் சுமார் 103 மி.மீ. நம் செம்மஞ்சள் அளவுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது! இரண்டும் தனித்தனி வழியில் வந்த அளவுகள். ஆனாலும் மண்ணும் நீரும் எங்கும் ஒரே பௌதிகத்துக்குக் கட்டுப்பட்டவை என்ற நினைப்பு மெய்சிலிர்க்க வைக்கிறது.

கெய்னின் அச்சுகள் மடக்கை அச்சுகள். 1க்கும் 10க்கும் இடையிலான தூரமும், 10க்கும் 100க்கும் இடையிலான தூரமும் அதில் சமம். நிமிடத்தையும் நாளையும் ஒரே தாளில் அடக்க அதுவே வழி. ஆய்வாளருக்கு அது வரப்பிரசாதம். அதையே அச்சடித்து லயத்துச் சுவரில் ஒட்டினால் அநியாயம். ஒரு உண்மையைக் கண்டுபிடிக்க வரையும் படம் வேறு, கண்டுபிடித்ததைச் சொல்ல வரையும் படம் வேறு. முதலாவதை அப்படியே இரண்டாவதாகப் பயன்படுத்துவதுதான் அரச அறிக்கைகள் பலவற்றில் நான் காணும் குறை.

இதே 1980களில்தான் அமெரிக்காவில் வில்லியம் கிளீவ்லண்ட், ரொபர்ட் மெக்கில் இருவரும் மனிதக் கண் எதைச் சரியாக அளக்கிறது என்று சோதித்தார்கள். 1984இல் வெளிவந்த முடிவு இன்றும் இந்தத் துறையின் அத்திவாரம். ஒரே அளவுகோலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கண் மிக நன்றாகக் கணிக்கும். நீளம் அடுத்தது. கோணமும் பரப்பளவும் அதற்குக் கீழே. நிறத்தின் அடர்த்தி எல்லாவற்றுக்கும் கடைசி. நாம் எச்சரிக்கைக்கு முதலில் எடுப்பதோ நிறத்தை! நிறம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நூற்றுக்குச் சிலர் எந்த ஊரிலும் இருப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் போட்டோகொப்பி. வண்ணத்தில் வந்த வரைபடம் கறுப்பு வெள்ளையில் பிரதியாகி அறிவிப்புப் பலகைக்கு வரும்போது, கடும் பச்சையும் கடும் சிவப்பும் ஒரே சாம்பல் நிறம். நிறம் போனாலும் கோடுகளின் தடிப்பும் அவற்றின் மேலேயே எழுதிய சொற்களும் நிற்கவேண்டும்.

வரைபடங்களுக்கு வருவோம். மண்சரிவு அபாய வரைபடம் போடும் பணிக்கு 1990களில் முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும். சரிவின் சாய்வு, பாறை, மண்ணின் தடிப்பு, நீரோட்டம், நிலப் பயன்பாடு, நில அமைப்பு என்று ஆறு காரணிகளைச் சேர்த்துத்தான் ஓர் இடத்துக்கு நிறம் கிடைக்கிறது. அருமையான வேலை. ஆனால் அளவைக் கவனியுங்கள். 1:50,000 வரைபடத்தில் ஒரு சென்ரிமீற்றர் என்பது 500 மீற்றர். முப்பது மீற்றர் நீளமான ஒரு லயம் அதில் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. 1:10,000 வரைபடத்தில் மூன்று மில்லிமீற்றர், அதாவது ஒரு நெல்மணியின் பாதி. நிறங்களைப் பிரிக்கும் கோட்டின் எந்தப் பக்கம் தன் வீடு என்று தேடுபவருக்குப் பிரட்டுக்களமும், கொழுந்து மடுவமும், கோயிலும், வாய்க்காலும் தமிழில் பெயரோடு அதில் இருந்தால்தான் வழி தெரியும்.

பரப்பின் ஏமாற்றும் உண்டு. பதுளை மாவட்டம் முழுவதையும் சிவப்பாக்கி ஒரு படம் போட்டால் மகியங்கனைச் சமவெளியும் சிவப்பாகிவிடும். அங்கே சரிய மலை இல்லை. ஒருமுறை வீணாகப் பயந்தவர் அடுத்த முறை அசையமாட்டார். பசறைக்கும் ஹல்துமுல்லைக்கும் தனித்தனியாக, பிரதேச செயலகப் பிரிவு வாரியாக எச்சரிக்கை வருவதன் நியாயம் இதில் இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளில் பலரைப் பறிகொடுத்தது. நல்ல படம் இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று எழுத எனக்கு மனம் வராது. போக வேறு நிலமும் வீடும் இல்லாதவருக்கு எந்தப் படமும் வழி காட்டாது. நிலமும் வீடும் கிடைக்கும் வரையாவது, அந்த ஓர் இரவில் எழுந்து கோயிலுக்கோ பாடசாலைக்கோ போகவேண்டிய நேரத்தைப் படம் சொல்லலாம்.

அதற்கு ஏற்ற மிக எளிய படம் தாளில் வரைவதல்ல. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள நேர்ச்சுவர்ப் பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்தால், அகலம் எவ்வளவாக இருந்தாலும், அதில் நிற்கும் தண்ணீரின் உயரமே மழையின் அளவு. 75 மி.மீ. மழை அதில் ஏழரை சென்ரிமீற்றர் நிற்கும். மழை தானே எழுப்பும் தூண் அது, முழு அளவில்! ஏழரை, பத்து, பதினைந்து சென்ரிமீற்றரில் மூன்று கோடுகள் போட்டு, பக்கத்தில் ‘விழித்திரு’, ‘ஆயத்தமாகு’, ‘வெளியேறு’ என்று எழுதினால் ஓர் எச்சரிக்கைப் படம் தயார். இங்கும் வரைபட விதிகள் பிசகக்கூடாது. வாய் அகன்று அடி குறுகிய வாளியில் மழை உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். சோடாப் போத்தலின் மேற்பகுதியை வெட்டி வைத்தால் அதன் அடியிலுள்ள மேடு பள்ளங்கள் பூச்சியத்தைக் கெடுக்கும்; நேர்ச்சுவர் தொடங்கும் மட்டம் வரை முதலில் தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியம் என்று கோடு போடவேண்டும். தூண்படம் பூச்சியத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்று பாடநூல்கள் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

வரைபடமோ, பலகையோ, போத்தலோ, அச்சுக்குப் போகுமுன் அதை லயத்துக்குக் கொண்டுபோய், கொழுந்து நிறுக்கும் தராசைத் தினமும் வாசிக்கும் பெண்களிடம் காட்டவேண்டும். ‘அழகாக இருக்கிறதா?’ என்று கேட்காமல், ‘இதைப் பார்த்தால் இன்றிரவு எங்கே படுப்பீர்கள்?’ என்று கேட்கவேண்டும். பதில்கள் ஆளுக்கு ஆள் மாறினால் படத்தைத்தான் திரும்ப வரையவேண்டும்.